பனைவிளையும் விடிலியும் 1:48 அளவில்: ஒரு சிற்றுருக் காட்சியின் நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம், தேரி எனப்படும் செம்மணல் மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான பனைவிளை, அதாவது பனந்தோப்பு, இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பனையேறியவர். அவர் குடும்பம் பதநீர் காய்ச்சிய ஓலைக் குடிசையான விடிலி இன்று இல்லை. அடுப்புக் கற்கள் மட்டும் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. 2023 மாசியில் அவருடைய மகன் பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வந்து, அந்த விளையும் விடிலியும் பதநீர்க் காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே, கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும்படி ஒரு சிற்றுருக் காட்சி செய்து தர வேண்டும் என்று கேட்டார். அதை நான் இரண்டு முறை செய்ய நேர்ந்தது. முதல் முறை செய்தது ஏன் கெட்டது, இரண்டாம் முறை என்ன மாற்றினேன் என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கைவேலையை நான் கற்றது கொலுப் பூங்காவில்தான். கேழ்வரகையும் கடுகையும் தூவி முளைக்க வைத்தால் வயல். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டின் ஓரத்தை மணலால் மறைத்தால் தெப்பக்குளம். ஆனால் கொலுப் பூங்கா ஒன்பது இரவுகள் நின்றால் போதும். கூடத்தில் வைக்கும் காட்சி பல ஐப்பசி, கார்த்திகை மழைகளைக் கடக்க வேண்டும். இந்த வேறுபாட்டை முதல் முறை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அளவெடுத்தது

வெப்பமண்டல மரங்கள் என்று கடைகளில் விற்கப்படும் ஆயத்தச் சிற்றுருக்களில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் தென்னையின் சாயலில், இறகு போன்ற ஓலையோடு இருந்தன. பனையின் ஓலையோ விசிறி வடிவம். தென்னையின் தண்டு மெலிந்து வளைந்து செல்லும். பனை கறுத்து, அடி பருத்து, பெரும்பாலும் நேராக நிற்கும். எனவே மரம் முதல் பதநீர் பிடிக்கும் கலயம் வரை அனைத்தையும் கையால் செய்வதென்று முடிவாயிற்று.

விளையிலேயே உயரமான பனையை நிழலை வைத்து அளந்தேன். ஒரு மீட்டர் கம்பின் நிழல் 80 செ.மீ. இருந்த நேரத்தில் மரத்தின் நிழல் 11.52 மீட்டர் இருந்தது. ஆகவே மரத்தின் உயரம் 14.4 மீட்டர். இதை 1:35 அளவில் செய்தால் 41 செ.மீ. வரும், குடும்பத்தார் ஒதுக்கிய மாடத்துக்குள் அடித்தளத்தோடு சேர்த்து அடங்காது. 1:72 அளவில் செய்தால் மரம் 20 செ.மீ. ஆகிவிடும், கலயம் மூன்று மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். 1:48 அளவில் மரம் சரியாக 30 செ.மீ.; கலயம் நான்கு மி.மீ.க்குச் சற்று மேல். அந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டேன். 60 × 40 செ.மீ. பலகை அப்போது ஏறக்குறைய 29 × 19 மீட்டர் நிலத்துக்குச் சமம். உண்மையான விடிலி மரங்களிலிருந்து இதைவிடத் தள்ளி இருந்தது. அந்தத் தூரத்தை மட்டும் சுருக்க வேண்டியதாயிற்று, வேறு எதையும் சுருக்கவில்லை.

நெஞ்சளவு உயரத்தில் தண்டின் குறுக்களவு 40 செ.மீ., ஓலை விரிவின் அகலம் 1.2 மீட்டர், மட்டையின் நீளம் 1.1 மீட்டர். சிற்றுருவில் இவை முறையே 8.3 மி.மீ., 25 மி.மீ., 23 மி.மீ. ஆயின. விழுந்து கிடந்த ஓர் ஓலையை எடுத்து அதன் இதழ்களை எண்ணினேன்: 66.

ஓலை

பனை ஓலையைப் பனை ஓலையாலேயே செய்யலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. குருத்தோலையை நிழலில் உலர்த்தி, கத்தரித்து, கம்பியில் கட்டிப் பார்த்தேன். வந்தது ஓலையாகவே தெரியவில்லை. திருகு அளவியில் வைத்தபோது காரணம் விளங்கியது. அந்தக் குருத்தோலையின் தடிமன் 0.35 மி.மீ.; 48 மடங்கு பெருக்கினால் ஏறக்குறைய 17 மி.மீ. ஆகிறது. கதவுப் பலகை அளவு தடித்த ஓலை எந்த மரத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, நறுக்கிய ஓலை உலர உலரச் சுருண்டது. ஒரு பொருள் தன்னையே சிறிய அளவில் உருவகிக்க இயலாமல் போவதை இந்த வேலை முழுவதும் திரும்பத் திரும்பக் கண்டேன். மணலும் மண் கலயமும் இதே பாடத்தைத்தான் தந்தன. மண்ணின் உண்மையைக் காட்ட வேண்டுமானால் அந்த மண்ணிலிருந்து எடுக்க வேண்டியது அளவுகளையும் நிறங்களையும். பொருளை எடுக்கலாமா என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

பட்டம் ஒட்டும் தாள் போதிய அளவு மெல்லியது, ஆனால் மடிப்பைத் தாங்காமல் துவண்டது. வரைபடம் படியெடுக்கும் ட்ரேசிங் தாள் மடிப்பைக் கூர்மையாக ஏற்றுக்கொண்டது. மடித்த பிறகு வண்ணம் பூசினால் ஈரத்தில் நெளிந்துபோகும் என்பதால், தாளின் இரு பக்கமும் முன்னதாகவே அக்ரிலிக் வண்ணம் பூசி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் வைத்து எடுத்தேன். பனையின் பச்சை தென்னையின் பச்சையன்று. அதில் சாம்பல் கலந்திருக்கிறது. உச்சி வெயிலில் பார்த்தால் ஏறத்தாழ வெள்ளி பூசியது போல இருக்கும். பச்சைக்குச் சிறிது வெள்ளையும் மிகச் சிறிது கறுப்பும் சேர்த்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தேன்.

அடுத்தது மடிப்பு. பனை ஓலையின் ஒவ்வோர் இதழும் வாய்க்கால் போலக் குழிந்திருப்பதால்தான் அவ்வளவு பெரிய விரிவு காற்றில் ஒடியாமல் நிற்கிறது. தட்டையாக வெட்டிய தாள் அந்த விறைப்பைக் காட்டாது. கையால் மடித்துப் பார்த்தேன். மடிப்புகள் ஒன்றுக்கொன்று சமமாக விழவில்லை. பிறகு, கெட்டுப்போன அச்சுப்பொறி ஒன்றிலிருந்து ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் பற்சக்கரங்களைக் கழற்றி, பலகையில் இரண்டு அச்சாணி அடித்து, அவை ஒன்றோடொன்று லேசாகக் கடித்துச் சுழலும்படி பொருத்தினேன். 12 மி.மீ. அகலத் தாள் பட்டையை அவற்றுக்கிடையே செலுத்திச் சக்கரத்தைச் சுற்றினால், மறுபுறம் சீரான அலைமடிப்போடு வெளிவருகிறது. 24 மடிப்புகளுக்கு ஒன்றாக வெட்டி, ஒரு விளிம்பை ஒன்றுசேர்த்து மெல்லிய செம்புக்கம்பியால் இறுக்கினால், மறு விளிம்பு விசிறியாக விரிந்து வட்டத்தின் பெரும்பகுதியை நிறைக்கிறது. அந்தக் கம்பியின் மீதி நீளமே மட்டை. விளிம்பிலிருந்து பாதி தூரம் வரை ஒவ்வொரு மடிப்பையும் கத்தரித்துக் கூராக்கினால் இதழ்கள் பிரிகின்றன.

66 இதழுக்கு ஏன் 24 மடிப்பு என்று கேட்கலாம். மிக நுண்ணிய மடிப்போடு 60 இதழ் வரை ஓர் ஓலை செய்தேன். அது ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தபோது மடிப்புகள் கண்ணுக்கு எட்டாமல் சொரசொரப்பான வட்டமாகத் தெரிந்தது. 24 மடிப்புள்ளது, எண்ணிக்கையில் பிழையாக இருந்தும், பார்த்தவுடன் பனை ஓலையாக நின்றது. குடும்பத்தாரிடம் இரண்டையும் காட்டினேன். வீட்டுச் சிறுமி உட்பட எல்லோரும் இரண்டாவதையே சுட்டினார்கள்.

பாளை சீவும் மூன்று மரங்களுக்குக் கீழோலைகளைக் கழித்து 24 ஓலை வீதம், ஏறாமல் விட்ட இரண்டு மரங்களுக்குக் காய்ந்து தொங்குவன உட்பட 36 வீதம், வடலி எனப்படும் இளம்பனைகள் ஆறுக்குப் பத்து வீதம் என மொத்தம் 204 ஓலைகள் தேவைப்பட்டன. ஓர் ஓலைக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. ஆக, சுமார் 30 மணி நேரம் ஓலைக்கே போயிற்று. விடிலிக் கூரைக்கு வேறு 140 ஓலை பழுப்பு நிறத்தில் செய்து, தட்டையாக அழுத்தி, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக வேய்ந்தேன். சேர்க்கத் தவறக்கூடாதது வடலி என்று என் அனுபவத்தில் சொல்வேன். தரையிலிருந்தே ஓலை கிளம்பும் இளம்பனைகள் இல்லாமல் உயர்ந்த மரங்களை மட்டும் நட்டால், பனைவிளை கம்பம் நட்ட திடலாகத் தெரிகிறது.

தண்டு எளிது. மூங்கில் குச்சியை இழைத்து, அதன்மேல் தையல் நூலை அரை மி.மீ. இடைவெளியில் சுற்றி, நீர்த்த பசையைத் தடவினால் மட்டை உதிர்ந்த வளையத் தழும்புகள் கிடைத்துவிடுகின்றன. அடிப்பருமனை எம்சீல் என்னும் கல்லாக இறுகும் பசைமாவு கொண்டு உருட்டி, ஊசியால் வேர்க் கீறல்களைப் போட்டேன்.

தேரி மணல்

குடும்பத்தாரின் சொந்த விளையிலிருந்தே ஒரு டப்பா மணல் எடுத்து வந்தேன். கையில் மிக நைசாகத் தோன்றும் அந்த மணலைப் பலகையில் ஒட்டியபோது சரளை பரப்பியது போல இருந்தது. 0.3 மி.மீ. மணல்மணி, இந்த அளவில், 14 மி.மீ. கல்லுக்குச் சமம். சல்லடையும் மஸ்லின் துணியும் ஓரளவே உதவின. கடைசியில், தண்ணீரில் கலக்கித் தெளிய விடும் பழைய முறையே கைகொடுத்தது. கண்ணாடிக் குவளையில் மணலைக் கலக்கி, 20 விநாடி பொறுத்து, மேலே நிற்கும் செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, அது அடங்கிய பின் வண்டலை உலர்த்தினால் குங்குமம் போன்ற தூள் கிடைக்கிறது. பெரிய மணிகள் விரைந்து அடியில் விழுந்துவிடுவதால் பொடி மட்டுமே இறுத்த நீரோடு வருகிறது. ஒரு கிலோ மணலில் கிடைத்த தூள் ஒரு கைப்பிடிதான் இருக்கும். எனவே அடியில் சலித்த மணலைப் பரப்பி, மேல்தோலுக்கு மட்டும் இந்தத் தூளைத் தூவினேன்.

பசை ஊறிய இடங்களில் செம்மண் நிறம் கறுத்து, மழை பெய்த மறுநாள் போலத் தோன்றியது. பதநீர்க் காலம் கோடை. மணல் உலர்ந்திருக்க வேண்டும். கீழ்ப்படலம் காய்வதற்குச் சற்று முன், அதன் ஈரப்பிசுக்கின்மேல் உலர்ந்த தூளைத் தூவி விரலால் அழுத்தி, மேலே பசை படாமல் விட்டபோது சரியான நிறம் நின்றது.

சாமான்கள்

கலயத்துக்குக் காருகுறிச்சிக் களிமண்ணை வரவழைத்துக் கிள்ளி உருட்டினேன். விரல் நுனிக்கு அடங்கிய மிகச் சிறிய பானை ஏழு மி.மீ. வந்தது. அது 33 செ.மீ. பானை, மரத்தின் உச்சியில் பாளையில் தொங்கவிட முடியாது. மிளகை எடுத்துப் பார்த்தேன். அளவு பொருந்தியது, ஆனால் அதன் சுருக்கங்கள் விரிசல் விட்ட கலயம் போலக் காட்டின. பொருத்தமாக வந்தது நான்கு மி.மீ. பாசிமணி. துளையே வாய், அதைச் சுற்றி ஒரு நூல் வளையம் ஒட்டினால் விளிம்பு. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயங்களின் வாயில் வெண்கறை படிந்திருக்கும். பதநீர் புளிக்காமல் இருக்கத் தடவும் அந்தச் சுண்ணாம்பின் தடத்தை ஊசிமுனையால் ஒவ்வொன்றிலும் வைத்தேன்.

கருப்பட்டிக்குக் கடுகு. ஊறவைத்துத் தோல் நீக்கி, பருப்பு இரண்டாகப் பிரிந்ததும் உலர்த்தி, கரும்பழுப்பு பூசினால், சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியின் அதே வடிவம், மேலே வளைவும் அடியில் தட்டையுமாக அமைகிறது. காட்சியிலேயே எனக்கு மிகவும் மனநிறைவு தந்த பகுதி இதுதான். ஓலைப் பெட்டிகளை உண்மையாகவே முடைய முயன்று கைவிட்டேன். எம்சீலை மெல்லிய தகடாக உருட்டி, மஸ்லின் துணியை அதன்மேல் வைத்து அழுத்தினால் முடைந்த தடம் பதிகிறது. காய்ச்சும் தாச்சி, குளிர்பானப் போத்தல் மூடியின் தகரத்தைத் தட்டிச் செய்தது. அடுப்பில் மின்விளக்கு வைத்து நெருப்புக் காட்டலாம் என்று மகன் விரும்பினார். நான் உடன்படவில்லை, மினுங்கும் விளக்கு இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும், மரத்தின் மேல் இருக்கும் மனிதரைப் பார்க்காது. அதற்குப் பதிலாகக் கூரையின் உட்புறத்தில் விளக்குக் கரியைப் பிடித்து, புகை ஊறிய ஓலையின் நிறத்தைக் காட்டினேன்.

2023 டிசம்பர்

முதல் காட்சி அந்த ஐப்பசியில் முடிந்து, கண்ணாடிப் பெட்டிக்காகப் பட்டறை மேசையில் காத்திருந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. என் பட்டறைத் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மேசைக்கு ஏறவில்லை. மின்சாரம் இல்லாமல், சன்னல் சாத்தியபடி ஐந்து நாள் அறை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது மணல்மேட்டில் வெளிறிய பூஞ்சை படர்ந்திருந்தது. ஓலைகள் மடிப்பு இளகி, நனைந்த துணி போலத் தொங்கின. பலகை நடுவில் ஏழு மி.மீ. வளைந்து இரண்டு மரங்கள் சாய்ந்திருந்தன. ஒரு துளி மழைகூட நேரடியாகப் படாமல் இவ்வளவும் நடந்தது.

காரணங்களைப் பிரித்தறிய, ஈரத்துணி இட்டு மூடிய டப்பாவுக்குள் சிறு மாதிரிகளைப் பத்து நாள் வைத்தேன். முதல் காட்சியின் மேட்டை நான் கட்டியிருந்த, வெறும் மைதாப் பசையில் பிசைந்த காகிதக்கூழில் நான்காம் நாளே பூஞ்சை வந்தது. புத்தகம் கட்டுபவர்கள் செய்வது போல மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்த மைதாப் பசையில் பத்தாம் நாள் வரை வரவில்லை. (மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் எச்சரிக்கை வேண்டும்.) பூஞ்சைக்கு உணவிட்டது என் பசைதான் என்பது உறுதியாயிற்று. பலகை வளைந்ததற்குக் காரணம் வேறு: காகிதக்கூழ் உலரும்போது சுருங்கி மேற்பரப்பை ஏற்கெனவே இழுத்துவைத்திருந்தது, மெருகு பூசாத அடிப்பரப்பு பின்னர் ஈரத்தை உறிஞ்சி விரிந்தது. இரண்டும் ஒரே திசையில் வளைக்க, ஆறு மி.மீ. ப்ளைவுட் தாங்கவில்லை. ஓலை இளகியதற்குத் தாளின் மேல் நீர்புகா மெருகு இல்லாததே காரணம்.

மறுபடி கட்டியது

மயில்துத்தம் பூஞ்சையைத் தடுத்தாலும் கூழின் சுருக்கத்தைத் தடுக்காது. எனவே காகிதக்கூழையே விட்டுவிட்டேன். தெர்மாகோல் அடுக்குகளின்மேல் கொசுவலைத் துணியைப் போர்த்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லிய தோலாகப் பூசினேன். அது இறுகும்போது சுருங்காது, மாறாக மிகச் சிறிது விரியும். பலகை 12 மி.மீ. மரைன் ப்ளைவுட், அடியில் தேக்கு ரீப்பர் சட்டம், ஆறு முகங்களிலும் இரண்டு பூச்சு வார்னிஷ். பழைய ஓலைகளில் தேறியவற்றைத் திரும்பச் சக்கரத்தில் விட முடியவில்லை, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். மடித்த பிறகு இரு பக்கமும் மெருகு தெளித்தேன்.

முதல் காட்சியைப் பெரியவர் முழுமையாகப் பார்த்திருக்கவில்லை. இரண்டாவதை அரைகுறையாக இருக்கும்போதே அவரிடம் கொண்டுசென்றேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பனையேறியின் உருவம் 34 மி.மீ., கம்பியும் எம்சீலும் கொண்டு செய்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், “தம்பி, திளாப்புப் போட்டவன் முட்டு உள்ள மடங்காது, வெளியதான் விரியும்” என்றார். (திளாப்பு, ஏறும்போது பாதங்களைப் பிணைக்கும் வளையம்; முட்டு, முழங்கால்.) சொன்னதோடு நிற்காமல், திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தூணில் பதித்து, முழங்கால்கள் இரு பக்கமும் அகல்வதைக் காட்டினார். இடுப்பில் அருவாள்பெட்டி எந்தப் பக்கம் தொங்கும், ஏறுவதற்காக அடிமரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி எந்தச் சாய்வில் நிற்கும் என்பதையும் அப்போதே அளந்துகொண்டேன்.

“அண்ணாச்சி, விடிலி வாசல் எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்டேன். “மேகாத்து அடிக்கையில மேக்க பாத்து எவன் வாசல் வைப்பான்? கிழக்கதான்” என்றார். அந்த ஒரு பதில் வாசலோடு மணல்மேட்டையும் திருத்தியது. கொலு மலையின் பழக்கத்தில் நான் மேட்டை எல்லாப் பக்கமும் ஒரே சரிவாகக் குவித்திருந்தேன். ஆனியிலும் ஆடியிலும் கணவாய்களின் வழியே இறங்கும் மேல்காற்று தேரியை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளுகிறது. எனவே மேற்குச் சரிவு நீண்டு தாழ்ந்தும், கிழக்குச் சரிவு குறுகிச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். உலர்ந்த மணலைக் கொட்டினால் தானாக நிற்கும் சாய்வு முப்பது பாகைக்குச் சற்று மேல். கிழக்குப் பக்கத்தை அந்தச் சாய்வுக்குச் செதுக்கினேன். காய்ந்த ஓலைகளையும் மேற்கே பார்த்த பக்கத்தில் தண்டோடு ஒட்டியும் கிழக்கே சற்று விலகியும் தொங்கவிட்டேன். எதற்காக என்று கேட்காமலே, பார்க்கிறவர்களுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

2024 ஆவணியில் காட்சி அந்த வீட்டுக் கூடத்துக்குப் போயிற்று. அதன் பிறகு இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் கடந்திருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியின் பின்புறம் இரண்டு வலையிட்ட துளைகள் விட்டிருப்பதால் உள்ளே ஈரம் தங்கவில்லை. இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்ததில் பலகையின் வளைவு ஒரு மி.மீ.க்குக் குறைவு, பூஞ்சை இல்லை. வெயில் படும் பக்கத்து மரத்தில் பச்சை ஒரு படி வெளிறியிருக்கிறது. துடைக்கும்போது கை பட்டு, ஏறாத மரம் ஒன்றில் காய்ந்த ஓலை ஒன்று ஒடிந்தது. மாற்றுவதற்கென்று 12 ஓலைகளை, கம்பி நுனியில் வண்ணம் பூசாமல், ஒரு தீப்பெட்டியில் இட்டு ரீப்பர் சட்டத்தின் உட்புறம் செருகிவைத்திருக்கிறேன். வண்ணக் கலவையின் பங்குகளை அதன் பக்கத்திலேயே பென்சிலால் எழுதியிருக்கிறேன்.